தூங்கும்போது மூக்கும் தூங்கும்!

பிள்ளையை ஹாஸ்டலில் சேர்க்கப் போகும்போது நாம் என்னென்ன கேட்கிறோம்? "சாப்பாடு எப்படி? தண்ணி நல்லா வருமா? ராத்திரி எத்தனை மணிக்கு கேட்டைப் பூட்டுவீங்க?" இவ்வளவுதான். "தீப்பிடிச்சா மணி அடிக்குமா?" என்று கேட்ட பெற்றோரை நான் பார்த்ததில்லை. என் பையனைச் சேர்த்தபோது நானும் கேட்கவில்லை.

2024-ல் அவன் வெளியூரில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தான். கடுமையான ஜலதோஷம் என்று போன் செய்தான். "கெட்டில்ல தண்ணியைக் கொதிக்க வெச்சு, நான் கொடுத்தனுப்பின நொச்சி இலையைப் போட்டு ஆவி பிடிடா" என்றேன். சித்த வைத்தியர் அப்பா வேறென்ன சொல்வார்?

அவன் பிடித்த ஆவி, கூரையில் இருந்த ஸ்மோக் டிடெக்டரையும் போய்ச் சேர்ந்துவிட்டது. நள்ளிரவில் மாடி முழுக்க ஒரே அலறல். எல்லோரும் இறங்கி ஓடி, ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அவனைத் திட்டிக்கொண்டே திரும்பி வந்தார்களாம். மறுநாள் அறைத் தோழர்கள் அந்த டிடெக்டருக்குப் பிளாஸ்டிக் பையை மாட்டி, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிட்டார்கள். "இனிமே தொல்லை இல்லப்பா" என்று சிரித்தான். நானும் கூடவே சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அந்த ஆண்டு செப்டம்பரில் மதுரையில் ஒரு பெண்கள் விடுதியில் விடியற்காலை தீ விபத்து. பிரிட்ஜ் வெடித்துக் கிளம்பிய தீயிலும் புகையிலும் இரண்டு பெண்கள் இறந்துபோனார்கள். செய்தியைப் பேப்பரில் படித்ததும் எனக்கு அந்தப் பிளாஸ்டிக் பைதான் ஞாபகம் வந்தது. உடனே போன் போட்டேன். "அது அப்படியேதான் இருக்குப்பா. நாங்க மறந்தே போயிட்டோம்" என்றான்.

புகை வந்தால் விழிப்பு வராதா?

"புகை நாத்தம் வந்தா தானா முழிச்சுக்க மாட்டாங்களா டாக்டர்?" என்று நீங்கள் கேட்கலாம். நம்பியிருக்க முடியாது. தூக்கத்தில் காது ஓரளவு விழித்திருக்கும். மூக்கு அப்படியல்ல, அதுவும் நம்மோடு சேர்ந்து தூங்கிவிடும்.

தீ விபத்தில் உயிரிழப்பவர்களில் பலரைக் கொல்வது நெருப்பல்ல, புகைதான். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு அது ஒட்டிக்கொள்ளும். விழித்திருப்பவருக்குத் தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் வரும். தூங்குகிறவரோ தூக்கத்திலிருந்து நேரே மயக்கத்துக்குப் போய்விடுவார். அவரை எழுப்பக் கூடியது காதுக்கு எட்டும் மணிச் சத்தம்தான்.

பொய் மணி என்று நினைத்தவர்கள்

அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் ஸீடன் ஹால் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2000-ம் ஆண்டு ஜனவரி 19-ம் தேதி விடியற்காலை நாலரை மணிக்கு அங்கே ஒரு மாணவர் விடுதியில் தீப்பிடித்தது. மணி அடிக்கத்தான் செய்தது. ஆனால், அதற்கு முன்பு எத்தனையோ தடவை சும்மா அடித்த மணி அது. "இதுவும் அப்படித்தான்" என்று பலர் படுக்கையை விட்டு உடனே எழவில்லை. மூன்று மாணவர்கள் இறந்தார்கள், ஐம்பது பேருக்கு மேல் காயம். அந்த விடுதியில் ஸ்பிரிங்க்ளர் கிடையாது. மாணவர் விடுதிகளில் அது கட்டாயம் என்று நியூஜெர்சி அதே ஆண்டு சட்டம் போட்டது.

ஸ்பிரிங்க்ளர் என்றதும் நமக்கு சினிமாக் காட்சிதான் ஞாபகம் வரும். கொஞ்சம் புகை வந்தாலே கட்டடம் முழுக்க மழை கொட்டும், புத்தகமெல்லாம் நாசம் என்று பயப்படுகிறோம். சாதாரணமாக ஹாஸ்டல்களில் இருக்கும் வகை அப்படி வேலை செய்வதில்லை. கூரையில் தெரியும் ஒவ்வொரு முனையிலும் திரவம் நிரம்பிய சின்னக் கண்ணாடிக் குப்பி இருக்கும். சிவப்புக் குப்பி என்றால், சுமார் 68 டிகிரி செல்சியஸ் சூட்டில் உடையும். எது உடைந்ததோ அதில் மட்டும் தண்ணீர் பீய்ச்சும். ஊதுபத்திப் புகைக்கெல்லாம் அது அசையாது. ஆனால் ஈரத் துணியை ஹேங்கரோடு அதில் மாட்டினால் குப்பி உடையலாம். பிள்ளைகளிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

வாயை அடைப்பது வைத்தியமா?

பித்தம் ஏறினால் வாய் கசக்கும். அந்தக் கசப்புக்குச் சர்க்கரையைப் போட்டுக்கொண்டால் பித்தம் தணிந்துவிடுமா? டிடெக்டருக்குப் பை கட்டுவதும் அந்த மாதிரி வைத்தியம்தான். சும்மா சும்மா மணி அடிக்கிறதென்றால் அதற்குக் காரணம் இருக்கும். தூசி அடைத்திருக்கலாம், குளியலறைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கலாம். வார்டனிடம் சொல்லிச் சரிசெய்ய வேண்டும். தொல்லை தாங்காமல் மெயின் சுவிட்சையே அணைத்து வைக்கும் நிர்வாகமும் உண்டு. பை கட்டிய பையன்களைவிடப் பெரிய தப்பு அது. ஆவி பிடிப்பதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. டிடெக்டருக்கு நேர் கீழே உட்கார்ந்து பிடிக்க வேண்டாம், அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவை சில. மணி அடித்தால், நூறாவது தடவையாக இருந்தாலும் எழுந்து வெளியே போக வேண்டும். கதவைத் திறக்குமுன் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சுட்டால் திறக்கக் கூடாது. கதவிடுக்கை ஈரத் துணியால் அடைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் போய்க் குரல் கொடுக்க வேண்டும். புகைக்குள் போக வேண்டியிருந்தால் குனிந்து, தவழ்ந்து போக வேண்டும். லிஃப்ட் கூடவே கூடாது. வெளியே வந்ததும் 101 அல்லது 112-க்குப் போன் செய்ய வேண்டும்.

அடுத்த தடவை ஹாஸ்டலுக்குப் போகும்போது முறுக்கு டப்பாவைக் கையில் கொடுத்த கையோடு, ஒரு நிமிடம் அண்ணாந்து கூரையைப் பாருங்கள். டிடெக்டர் இருக்கிறதா, அதன் வாயை யாராவது கட்டி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டாவது வழி எங்கே, ராத்திரியில் அது பூட்டியிருக்குமா என்று வார்டனிடம் கேளுங்கள். அவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். உள்ளே தூங்கப் போவது நம் பிள்ளை.