'ஒண்ணும் ஆகாது' என்று சொல்ல வருகிறவர்களுக்கு

எங்கள் தெருவில் ஒருவருக்கு அடுத்த மாதம் இதய வால்வு ஆபரேஷன். என்னைவிட நான்கு வயது இளையவர். செய்தி பரவிய மறுநாளே ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். வருகிற அத்தனை பேர் வாயிலும் ஒரே வாக்கியம்தான்: "ஒண்ணும் ஆகாது, தைரியமா இருங்க." இந்த வாக்கியத்துக்கு எதிராகத்தான் இன்று எழுதுகிறேன். மூன்று வருடம் முன்பு எனக்கும் அயோர்ட்டிக் வால்வை மாற்றினார்கள். ஆபரேஷனுக்கு முந்தைய எட்டு நாளில் இதை எத்தனை முறை கேட்டேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஒரு முறைகூட அது எனக்குத் தைரியம் தரவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

பார்க்க வருகிறவர்களில் மூன்று வகை உண்டு. முதல் வகை, "இப்பல்லாம் இது பல்லு புடுங்குற மாதிரி அண்ணே" என்பவர்கள். இரண்டாம் வகை, "எங்க சித்தப்பாவுக்கும் இதே ஆபரேஷன்தான், நல்லாத்தான் போனாரு..." என்று தொடங்கி, பாதியில் மனைவி முறைத்ததும் நிறுத்துபவர்கள். அந்தச் சித்தப்பா என்ன ஆனார் என்று இரவு முழுக்க நாம் யோசித்துக் கிடக்க வேண்டியதுதான். மூன்றாம் வகை, வாட்ஸ்அப்பில் வந்த கஷாயத்தைச் சொல்லி, "ஆபரேஷனே வேணாம், நாற்பத்தெட்டு நாள் குடிங்க" என்பவர்கள். மூன்று வகையிலும் ஒருவர்கூட, "உங்களுக்கு எதை நினைச்சா பயமா இருக்கு?" என்று கேட்பதில்லை.

இது பல் பிடுங்குகிற மாதிரி இல்லை. மார்பெலும்பை நடுவே அறுத்துத் திறக்கிறார்கள். இதயத்தை நிறுத்தி, ரத்தத்தை ஓர் இயந்திரத்துக்குத் திருப்பிவிடுகிறார்கள். பழைய வால்வை வெட்டி எடுத்துவிட்டுப் புதியதைத் தைத்து, இதயத்தை மறுபடி ஓடவிட்டு, எலும்பை எஃகுக் கம்பியால் கட்டுகிறார்கள். இப்படி ஒன்று நடக்கப்போகிறது என்று தெரிந்த மனிதனுக்கு நடுக்கம் வராவிட்டால்தான் அதிசயம். நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில், மேடையேறும் முன் வருகிற நடுக்கத்தை 'லெ த்ராக்' என்பார்கள். பெரிய நடிகர்களுக்கும் அது உண்டு என்று எங்கள் வாத்தியார் சொல்வார். யாரும் அதைக் கோழைத்தனம் என்று நினைத்ததில்லை. காரியம் பெரிது என்று உடம்புக்குப் புரிந்துவிட்டது, அவ்வளவுதான். அதை 'ஒண்ணும் ஆகாது' என்று அடக்கும்போது, "உன் பயத்தைப் பற்றி என்னிடம் பேசாதே" என்றுதான் நோயாளியிடம் சொல்கிறோம். அவரும் பேசாமல் சிரித்துவைக்கிறார். நாம் போன பிறகு விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

இதைவிட மோசமானது வீட்டுக்குள் நடக்கிற ரகசியம். டாக்டர் அறைக்கு வெளியே மகனை மட்டும் கூப்பிட்டுப் பேசுகிறார். மகன் உள்ளே வந்து, "எல்லாம் நார்மல்பா" என்கிறான். அவன் முகத்தைப் பார்த்தே நமக்குத் தெரிந்துவிடுகிறது, நார்மல் இல்லையென்று. எவ்வளவு நார்மல் இல்லை என்பதுதான் தெரிவதில்லை. டாக்டர் சொன்னது ஒரு பங்கு ஆபத்து என்றால், மகன் முகத்தை வைத்து நாம் கற்பனை செய்துகொள்வது பத்துப் பங்கு. மறைத்து வைத்த உண்மையைவிடப் பெரிய பூதம் கிடையாது.

அடுத்தது அந்த ஒப்புதல் படிவம். நான் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். படிக்காத தாளில் கையெழுத்துப் போடாதே என்பதுதான் அங்கே முதல் பாடம். ஒரு நாற்காலி வாங்குகிற கோப்புக்கே அப்படி. என் மார்பைத் திறக்கிற தாளை ஆபரேஷனுக்கு முந்தின மாலை கொண்டுவந்து, என் மகன் கையில் பேனாவைக் கொடுத்தார்கள். "தாத்தாவுக்கு எதுக்குச் சிரமம், நீங்க போடுங்க சார்" என்றார் ஊழியர். "அதை இங்கே கொடுங்க" என்று வாங்கினேன். முழுக்க ஆங்கிலம். பணியில் இருந்த இளம் டாக்டரை வரவழைத்து, வரிக்கு வரி தமிழில் சொல்லச் சொன்னேன். நல்ல பையன், கால் மணி நேரம் பொறுமையாகச் சொன்னார். பக்கவாதம், ரத்தக்கசிவு, கிருமித்தொற்று, உயிருக்கு ஆபத்து, எல்லாம் அதில் இருந்தன. கேட்டு முடித்துக் கையெழுத்துப் போட்டேன். அந்த எட்டு நாளில் நான் நன்றாகத் தூங்கியது அன்றைக்கு இரவுதான்.

இது என் பிடிவாதம் மட்டும் அல்ல, சட்டமும் அதுதான். 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சமீரா கோலி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அந்தப் பெண் மயக்கத்தில் இருந்தபோது, அவர் தாயாரிடம் ஒப்புதல் வாங்கிக்கொண்டு கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். வயது வந்த, சுயநினைவு திரும்பக்கூடிய நோயாளியின் ஒப்புதலுக்குத் தாயின் ஒப்புதல் ஈடாகாது என்றது நீதிமன்றம். என்ன சிகிச்சை, மாற்று வழி என்ன, ஆபத்து என்ன என்று சொல்லித்தான் ஒப்புதல் வாங்க வேண்டும் என்றும் சொன்னது. உயிர் போகிற அவசரம் என்றால் அது வேறு விஷயம். எட்டு நாள் முன்பே தேதி குறித்த ஆபரேஷனில் என்ன அவசரம்? எழுபது வயதானால் ஓட்டுப் போடலாம், வரி கட்டலாம், தன் நெஞ்சைப் பற்றிய தாளை மட்டும் படிக்கக் கூடாதா?

"பெரியவங்ககிட்ட எல்லாத்தையும் சொன்னா பிரஷர் ஏறிடும், ஆபரேஷனே வேணாம்னுடுவாங்க" என்று என் மகன் வயதுக்காரர்கள் சொல்கிறார்கள். அன்பினால்தான் சொல்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அது சரியில்லை. 1964-ல் அமெரிக்காவின் பாஸ்டனில், எக்பர்ட் என்ற மயக்க மருந்து டாக்டரும் அவரோடு இருந்தவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். வயிற்றில் ஆபரேஷன் செய்யவிருந்த 97 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினரிடம் மட்டும், எங்கே வலிக்கும், ஏன் வலிக்கும், எவ்வளவு நாள் இருக்கும், எப்படிப் புரண்டு படுத்தால் குறையும் என்று முன்னதாகவே உட்கார்ந்து சொன்னார்கள். அவர்களுக்கு வலி மருந்து ஏறக்குறையப் பாதிதான் தேவைப்பட்டது. சராசரியாக 2.7 நாள் முன்னதாக வீட்டுக்கும் போனார்கள். இத்தனைக்கும், யார் எந்தப் பிரிவு என்று அறுவை செய்த டாக்டர்களுக்குத் தெரியாது. அது வயிறு, இது இதயம் என்பீர்கள். பயப்படுகிற மனது இரண்டுக்கும் ஒன்றுதானே?

நானே கண்ணால் கண்டதையும் சொல்கிறேன். ஆபரேஷன் முடிந்து ஐ.சி.யு.வில் விழிக்கும்போது தொண்டைக்குள் குழாய் இருக்கும். பேச வராது. மார்பில் குழாய்கள் தொங்கும். குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்கக் கையைக் கட்டியும் வைப்பார்கள். முந்தின இரவு ஒரு சிஸ்டர் இதையெல்லாம் என்னிடம் சொல்லியிருந்தார். "பேச முடியலன்னா பயப்படாதீங்க ஐயா, குழாய எடுத்ததும் குரல் வந்துடும், அதுவரைக்கும் தலையாட்டுங்க போதும்." அந்தப் பெண் சொன்ன 'பயப்படாதீங்க' மட்டும்தான் எனக்கு உதவியது. அதில் விவரம் இருந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. விழித்ததும், தன்னைக் கட்டிப்போட்டு என்னவோ செய்கிறார்கள் என்று துடித்துப்போனார். அவரை அடக்க மூன்று பேர் ஓடிவந்தார்கள். அவர் வீட்டாரும் நல்ல எண்ணத்தில்தான் மறைத்திருப்பார்கள்.

தெரிந்துகொள்ள இன்னொரு காரணமும் இருக்கிறது. எந்த வால்வு என்பது நோயாளியும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு. உலோகம், கார்பனில் செய்த வால்வு பல்லாண்டு உழைக்கும். ஆனால் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டு, ஐ.என்.ஆர். பரிசோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும். 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்ட நம் திருவனந்தபுரம் சித்ரா வால்வும் இயந்திர வால்வுதான். மாட்டின் திசுவிலோ பன்றியின் வால்விலோ செய்தது என்றால் பெரும்பாலும் அந்த மாத்திரை நீண்ட காலம் வேண்டாம். ஆனால் பத்துப் பதினைந்து வருடத்தில் தேய்ந்துபோகலாம். மார்பைத் திறக்காமல் ரத்தக்குழாய் வழியாக அயோர்ட்டிக் வால்வு வைக்கிற முறையை 2002-ல் பிரான்சின் ரூவான் நகரில் அலென் க்ரிபியே தொடங்கிவைத்தார். அது எல்லாருக்கும் பொருந்தாது, செலவும் அதிகம். நமக்குப் பொருந்துமா என்று கேட்கவாவது வேண்டாமா? மாதாமாதம் ரத்தம் கொடுக்கப்போவது நீங்கள். மகன் மட்டும் முடிவு செய்தால் எப்படி?

நடுக்கத்துக்கு மருந்து கைவேலைதான். கேள்விகளை ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் நீட்டுங்கள். பல் டாக்டரைப் பார்த்துவிட்டீர்களா என்று பாருங்கள். வாயிலிருந்து கிருமி புது வால்வுக்குப் போகக்கூடும். மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியை முன்கூட்டியே வாங்கிப் பழகுங்கள். பந்து மேலே ஏறுகிற நேரத்தில் மனது வேறெங்கும் போகாது. தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு இருமப் பழகுங்கள். ஏற்கெனவே இதே ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவரோடு ஒரு மணி நேரம் பேசுங்கள். மணக்குள விநாயகருக்கோ மாதா கோயிலுக்கோ வேண்டிக்கொள்வதாக இருந்தால் அதையும் செய்யுங்கள்.

இன்னொன்றையும் செய்யுங்கள். பி.பி.ஓ. நம்பர், பேங்க் நாமினி, வீட்டுப் பத்திரம் இருக்கிற இடம், எல்லாவற்றையும் மனைவியை உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள். "இந்த நேரத்துல என்ன அபசகுனமா" என்று வீட்டில் கத்துவார்கள். கத்தட்டும். பிழைத்து வந்தாலும் அந்தப் பட்டியல் வீணாகாது. குடும்ப ஓய்வூதியத்துக்கு எந்த மேஜையில் போய் நிற்பது என்று தெரியாமல் அலைந்த விதவைகளை என் அலுவலகத்தில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கணவன்மாரிடமும் யாரோ "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லித்தான் இருப்பார்கள்.

ஆகவே பார்க்கப் போகிறவர்களுக்கு: பத்து நிமிடத்துக்கு மேல் உட்காராதீர்கள். சித்தப்பா கதையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். "எதை நினைச்சா பயமா இருக்கு?" என்று கேளுங்கள். பதில் வரும்போது குறுக்கே பேசாதீர்கள். கையில் என்ன கொண்டுபோவது என்று தெரியாவிட்டால், கேள்வி எழுத ஒரு நோட்டும் பேனாவும் வாங்கிப் போங்கள். சர்க்கரை உள்ளவருக்கு ஆப்பிளைவிட அது நல்லது.