மாதிரி இலவசம்!

ஆடித் தபசுக்குச் சங்கரன்கோவில் போயிருந்தேன். கோமதி அம்மனைத் தரிசித்து, புற்று மண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு, அப்படியே மேலநீலிதநல்லூரில் இருக்கும் சித்தி வீட்டுக்கும் ஒரு நடை போய் வந்தேன்.

பத்திரிகைக்காரி ஊருக்குப் போனால் ஒரு தொல்லை உண்டு. "உனக்குத்தான் எல்லாம் தெரியுமே!" என்று எல்லாரும் நம்பிவிடுவார்கள். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது முதல் மூட்டு வலித் தைலம் வரை என்னிடம்தான் விசாரிப்பார்கள். ஆனால் இந்தத் தடவை வந்த கேள்வி, நான் சற்றும் எதிர்பாராதது.

சித்தி வீட்டுக்கு அடுத்த தெருவில் ஒரு பெண். பெயர் வேண்டாம். கல்யாணமாகி ஒரு குழந்தை. ஜாக்கெட் தைக்கிறாள், கை வேலை பிரமாதம். கழுத்தில் மணி கோத்துத் தைப்பதை அரை நிமிஷ வீடியோவாக எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவாள். சித்தி காப்பி போட உள்ளே போன சமயம் பார்த்து, செல்போனை என் முன் நீட்டினாள்.

"அக்கா, இதப் படிச்சுப் பாருங்க. வீட்ல யாருக்கும் தெரியாது."

முன்பின் தெரியாத யாரோ ஓர் 'ஏஜெண்டு' எழுதியிருந்தார். மாதச் சந்தாப் பக்கம் ஒன்றை அவரே தொடங்கித் தருவாராம். இவள் சின்னச் சின்ன வீடியோ போட்டு ஆள் சேர்த்தால் போதுமாம். முகம் காட்ட வேண்டாமாம். விற்கப்போவது என்ன சரக்கு என்பதைக் கடைசி வரியில் நாசூக்காக ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். உங்களுக்குப் புரிந்திருக்கும்.

"மூஞ்சி தெரியாதாம்லா அக்கா. குழுக் கடன் வேற கழுத்தப் பிடிக்குது. என்ன சொல்லுதீங்க?"

என் வாயில் முதலில் வந்த சொல் "சீ!" என்பதுதான். விழுங்கிக்கொண்டேன். "சீ!" என்றால் அவள் போனை மூடிவிடுவாள். கேள்வி அவள் மனசை விட்டுப் போகாது. ஆகவே உட்கார வைத்து, எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன். இந்த மாதிரிக் கடிதம் மேலநீலிதநல்லூருக்கு வந்தால், மாம்பலத்துக்கும் மதுரைக்கும் வராமலா இருக்கும்?

முதலில் இந்த வியாபாரம் நடக்கிற விதம்.

நம் சிறு வயதில் துணி மூட்டையோடு ஜவுளிக்காரர் வருவார், நினைவிருக்கிறதா? மூட்டையை முழுவதும் அவிழ்க்கவே மாட்டார். ஒரு புடவையின் கரையை மட்டும் இழுத்துக் காட்டுவார். பார்க்கக் காசு இல்லை. ஆசைப்பட்டால்தான் மூட்டை அவிழும். குறு வீடியோவும் அதே கதைதான். 2020-ல் தொடங்கியபோது 15 விநாடி. பிறகு வளர்ந்து 3 நிமிஷம் வரை வந்துவிட்டது. இன்ஸ்டாகிராம், யூடியூப் இரண்டிலும் ஆபாசத்துக்கு அனுமதி கிடையாது. அதனால் அங்கே காட்டுவது உடுத்திய உடம்பும் ஒரு சிரிப்பும்தான். பெயருக்குக் கீழே ஒரு லிங்க். அதைத் தொட்டால் ஓர் இடைப் பக்கம். அதற்கும் அப்பால்தான் காசு வாங்கும் கடை.

இதில் சாமர்த்தியமெல்லாம் முதல் இரண்டு மூன்று விநாடியில் இருக்கிறது. கட்டை விரல் அடுத்த வீடியோவுக்குத் தாவாமல் நின்றால், 'இது ஓடும் சரக்கு' என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, அறிமுகமே இல்லாத ஆயிரம் பேருக்கு அதை அனுப்புகிறது. தொழிலின் பெயரைச் சொன்னால் வீடியோ நீக்கப்படும் என்று அமெரிக்காவில் பல பெண்கள், "நான் அக்கவுண்டண்ட்" என்று சொல்லிக்கொண்டார்கள். நிஜமாகவே கணக்கு எழுதிப் பிழைக்கும் பெண்களின் பாட்டை நினைத்துப் பாருங்கள்!

நம் ஊருக்கு இது புதிதல்ல. 2019 ஏப்ரலில், டிக்டாக் செயலி ஆபாசத்துக்கு இடம் கொடுக்கிறது என்று, அதைத் தடை செய்யும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைதான் உத்தரவிட்டது. அந்த மாதக் கடைசிக்குள் நிபந்தனையோடு உத்தரவு விலக்கப்பட்டது. 2020 ஜூன் 29 அன்று மத்திய சர்க்கார் 59 சீனச் செயலிகளை நிறுத்தியபோது டிக்டாக்கும் போயிற்று. ஆனால் சில நாட்களிலேயே ரீல்ஸ் வந்தது; செப்டம்பரில் ஷார்ட்ஸ் வந்தது. ஒரு கதவைச் சாத்தினால் இரண்டு ஜன்னல் திறந்துகொண்டது.

சரி, பணம் வருமா? இதைத்தான் அந்தப் பெண்ணும் கேட்டாள். நாம் வீட்டுக் கணக்கு எழுதுகிறவர்கள், எழுதியே பார்த்துவிடலாம்.

இந்தத் தொழிலில் உலகப் பிரசித்தி பெற்ற கடை ஒன்லிஃபேன்ஸ். 2016-ல் லண்டனில் தொடங்கியது. சந்தாவில் 100 ரூபாய் வந்தால் 20 ரூபாய் கம்பெனிக்கு. 2023-ம் வருஷக் கணக்குப்படி, சரக்குப் போடுகிறவர்கள் சுமார் 41 லட்சம் பேர். அவர்கள் எல்லாருக்கும் சேர்த்துக் கொடுத்தது சுமார் 530 கோடி டாலர். அம்மாடி என்கிறீர்களா? வகுத்துப் பாருங்கள். தலைக்கு வருஷத்துக்கு 1,290 டாலர் போல வருகிறது. அந்த வருஷத்து டாலர் மதிப்பில், நம் பணத்தில் மாதம் 9,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அதுவும் சராசரிதான். உச்சியில் இருக்கும் சிலர் மூட்டை மூட்டையாக அள்ளுவதால், அடியில் இருப்பவர்களுக்கு அந்தச் சராசரிகூட எட்டாது. ஏஜெண்டு நடுவில் வந்தால் அவருக்கும் ஒரு பங்கு.

கடைச் சாவியும் நம் கையில் இல்லை. 2021 ஆகஸ்டில் அதே கம்பெனி, வங்கிகளின் தொல்லையைக் காரணம் காட்டி, அப்பட்டமான படங்களை அக்டோபர் முதல் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. அதை நம்பிப் பிழைத்தவர்கள் அலறினார்கள். ஒரு வாரத்துக்குள் அறிவிப்பு வாபஸ். அந்த ஒரு வாரம் எத்தனை வீடுகளில் தூக்கம் போயிருக்கும்!

அவையெல்லாம் அயல் நாட்டுச் சங்கதி. நம் நாட்டில் இதற்கு மேல் ஒன்று இருக்கிறது, சட்டம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஏ பிரிவு, பாலுறவை வெளிப்படையாகக் காட்டும் படத்தை மின் வழியில் வெளியிடுவதும் அனுப்புவதும் குற்றம் என்கிறது. முதல் தடவைக்கு 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மறு தடவை என்றால் 7 ஆண்டு வரை. 'நானாக விரும்பித்தானே போட்டேன்' என்பது இதில் பதிலாகாது. வயது வந்தோர் படத்தைத் தனியாக அறையில் உட்கார்ந்து பார்ப்பவர்மேல் இந்தப் பிரிவு பாயாது, வெளியிடுபவர்மேல்தான் பாயும். வாங்குகிறவர் கௌரவமாகத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். விற்றவள் கோர்ட்டுப் படி ஏறுவாள். நியாயமா என்று என்னைக் கேட்காதீர்கள். நிலைமை அது.

"மூஞ்சி தெரியாதே?" என்றாள் மறுபடியும்.

"உன் சுவரில் தொங்கும் காலண்டர் தெரியாதா? கை மச்சம், வளையல், குரல்? இந்த ஊரில் உன் தையலைப் பார்த்தே 'இது இன்னார் தைத்தது' என்கிறார்களே!" என்றேன். அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

காசு கொடுத்து வாங்குகிறவன் அதைத் தன் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ள முடியும். அப்புறம் அது யார் யார் கைக்குப் போகும் என்று ஏஜெண்டும் சொல்ல மாட்டார். "மாதிரிக்கு ஒரு படம் அனுப்பு" என்று வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு மிரட்டிப் பணம் பறிக்கும் கூட்டமும் இந்த வேஷத்தில்தான் வருகிறது.

யாராவது ஏற்கெனவே சிக்கியிருந்தால்? தயவு செய்து பணம் அனுப்பாதீர்கள். ஒரு தடவை அனுப்பினால் மறு தடவையும் கேட்பான். பயந்துபோய் எல்லாவற்றையும் அழித்தும் விடாதீர்கள். வந்த செய்திகளை ஸ்கிரீன் ஷாட் எடுத்து வையுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். மத்திய உள்துறையின் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில், இப்படிப்பட்ட புகாரைப் பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். பெண்களுக்கான உதவி எண் 181. அனுமதியின்றிப் பரவும் அந்தரங்கப் படத்தை, சம்பந்தப்பட்டவர் புகார் செய்தால் வலைத்தளங்கள் நீக்க வேண்டும். 2021-ல் வந்த விதிகள் அதற்கு வைத்த கெடு 24 மணி நேரம். 'ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.' என்று ஒரு தளமும் உண்டு. படத்தை அங்கே அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் போனிலேயே அதற்குக் கைரேகை போல ஓர் அடையாள எண் உண்டாகும்; அதை வைத்து, சேர்ந்திருக்கும் கம்பெனிகள் படத்தைப் பரவ விடாமல் தடுக்கின்றன.

இவ்வளவும் சொல்லி முடித்தபோது காப்பி ஆறிவிட்டது. அவள் அந்த ஏஜெண்டைத் தடுத்து நிறுத்தும் பொத்தானை அமுக்கினாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"சரிக்கா. கடனுக்கு என்ன வழி?"

நான் பதில் சொல்லவில்லை. இரண்டு ஜாக்கெட் தைக்கக் கொடுத்துவிட்டு வந்தேன். அதனால் கடன் தீர்ந்துவிடாது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

சகோதரிகளே, அந்தப் பெண்ணிடம் கோபப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் மாமியார் இருந்தாள், அம்மா இருந்தாள், புருஷனும் இருந்தான். அவள் போனை நீட்டியது, வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வரும் என்னிடம். உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு நாளைக்கு இப்படி ஒரு கடிதம் வந்தால், உங்களிடம் நீட்டுவாளா? இன்று ராத்திரி சாப்பாடு ஆன பிறகு சற்று யோசித்துப் பாருங்கள்.

ஜாக்கெட் தபாலில் வந்து சேர்ந்தது. அளவு கச்சிதம். கழுத்து மணி ஒன்றுகூடக் கோணவில்லை.