தோற்றம் சொல்லாத உறவு

அம்மா மீன் ஆயும்போது அருகில் அமர்ந்து பார்த்திருக்கிறோம். ஆரலும் விலாங்கும் பாம்புபோல் நீண்டு, கைக்கு அகப்படாமல் நழுவும். இரண்டும் அக்காள் தங்கை என்றே எண்ணுவோம். விராலோ பருத்து உருண்ட வேறு வகை. ஆனால் உண்மை என்ன தெரியுமா? ஆரலுக்கு விலாங்கைவிட விராலும் பனையேறிக் கெண்டையுமே நெருங்கிய உறவு!

ஆரல் விலாங்கினம் அன்று என்பதை எலும்புகளை ஆராய்ந்த அறிஞர்கள் முன்பே அறிந்திருந்தனர். அது யாருக்குச் சொந்தம் என்பதைத் தெளிவாக்கியவை மரபணுக்களே. டி.என்.ஏ. என்பது நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட நீண்ட ஏடு. தலைமுறைதோறும் அது படியெடுக்கப்படும்போது சிற்சில எழுத்துகள் மாறிவிடுகின்றன. இரு மீன்களின் ஏடுகளில் ஒரே மாற்றங்கள் பல காணப்பட்டால், அவை ஒரே மூதாதையிடமிருந்து வந்தவை என்று கொள்ளலாம். ஓலைச்சுவடிகளின் பிழைகளை ஒப்பிட்டு, எந்தச் சுவடி எதைப் பார்த்து எழுதப்பட்டது என்று தமிழறிஞர்கள் காண்பதும் இவ்வாறே அன்றோ?

ஆகவே தோற்றத்தை மட்டும் கொண்டு உறவை முடிவு செய்யலாகாது. அதற்காக ஆய்வுக்கூடம் ஒன்றே போதும் என்று எண்ணுவதும் தவறு என்பதே எங்கள் கருத்து. கேரளத்தில் மலப்புறம் மாவட்டத்து நெல்வயலில் ஒரு விந்தையான மீன் கிடைத்தது. அது நிலத்தடி நீரில் வாழ்வது. 2019-ல் அறிஞர்கள் அதை விரால் குடும்பத்தில் சேர்த்தனர். 2020-ல் எலும்புகளையும் மரபணுக்களையும் ஒப்பிட்டபின், அது விராலினின்று கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்த தனிக் குடும்பம் என்று அறிவித்தனர். வயலில் கிடைத்த அம்மீனை யாரும் பொருட்படுத்தாமல் விட்டிருந்தால், எந்த ஆய்வுக்கூடம் அதன் கதையைப் படித்திருக்கும்?

1983-ல் தோன்றி, இப்போது லக்னோவில் இயங்கும் தேசிய மீன் மரபு வளக் கழகம் நம் நாட்டு மீன்களின் மரபு வளத்தை ஆராய்ந்து வருகிறது. ஆனால் வற்றித் தூர்ந்த ஏரியில் ஆராய என்ன மிஞ்சும்? ஏரியைக் காக்க ஏரி வாரியம் அமைத்த ஊர் நம் உத்திரமேரூர். பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அதற்குச் சான்று.

எனவே தோழியரே, ஏரியில் குப்பை கொட்டுவதை நம் வீட்டிலிருந்தே நிறுத்துவோம். பாட்டிமாரையும் வலை வீசுவோரையும் கேட்டு, நம் ஏரி மீன்களின் பெயர்களைக் குறிப்பேட்டில் எழுதி வைப்போம். படித்து முடிக்கும் முன்பே ஏட்டைச் செல்லரிக்க விடலாமா?

— பத்தாம் வகுப்பு மாணவி