கிளிநொச்சி முற்றுகையும் மலையகத்தின் மௌனமும்

வன்னியில் நிகழ்ந்த போர் மலையகத்துக்குப் புறம்பானது என்றொரு வாதம் அட்டனிலும் நுவரெலியாவிலும் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகின்றது. மேடைகளில் அது விவேகம் எனப்படுகின்றது. கட்டுரைகளில் மலையகத்தின் தனித்துவம் எனப்படுகின்றது. தனித்துவம் மறுக்கத்தக்கதன்று. வடபகுதித் தலைமைகள் தோட்டத் தொழிலாளரின் துயரைத் தமதாகக் கொள்ளாத காலங்கள் பல உண்டு. ஆயின், 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கிளிநொச்சியைச் சூழ்ந்த இராணுவ வளையத்தினுள் அகப்பட்டோர் யாவர் என்று வினவிய மாத்திரத்தே இவ்வாதம் நிலைகுலைந்து போகின்றது.

கிளிநொச்சியின் பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம் முதலிய குடியிருப்புகளில் வாழ்ந்தோருட் பெரும் பகுதியினர் தோட்டங்களிலிருந்து சென்றோரும் அவர்தம் வழித்தோன்றல்களுமாவர். அவர்கள் விரும்பிக் குடிபெயர்ந்தவர்களல்லர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என, அவர்களுள் ஒருவரையேனும் கேளாது பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரைப் பத்தாண்டு கழித்து இரு அரசுகளும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டன. (கொழுந்து நிறுக்கும் தராசிற்கூட இத்துணை நேர்த்தியைத் தொழிலாளி கண்டதில்லை.) 1973-74இல் தோட்டங்களைப் பஞ்சம் வாட்டிற்று, 1977 ஆகஸ்டில் வன்செயல் லயன்களுக்குள்ளும் புகுந்தது. அஞ்சியோடிய குடும்பங்களுக்கு வவுனியாப் பகுதியில் நிலமும் நிழலும் தேடிக்கொடுத்த காந்தீயம் இயக்கத்தின் தலைவர்கள் 1983 ஏப்ரலில் கைதாயினர். அவர்களுள் டாக்டர் இராஜசுந்தரம் அவ்வாண்டு ஜூலையில் வெலிக்கடைச் சிறையிற் கொல்லப்பட்டார். டொலர் பாம், கென்ற் பாம் ஆகிய பண்ணைகளிற் குடியேறியிருந்த மலையகக் குடும்பங்கள் 1984இல் விரட்டப்பட்டன.

வன்னியிலும் அவர்கள் சமமாக ஏற்கப்பட்டனர் என எவரும் கற்பனை செய்ய வேண்டியதில்லை. பிறர் வயலில் கூலிகளாகவும், உறுதியற்ற காணியில் குடிசைவாசிகளாகவுமே பலர் வாழ்ந்தனர். ‘தோட்டக்காட்டார்’ என்னும் வசை ஆனையிறவுக்குத் தெற்கேயும் ஒலித்தது.

இம்மக்களைச் சுற்றியே வளையம் இறுகியது. 57ஆவது படைப்பிரிவு மடுப் பக்கமிருந்து துணுக்காய், மல்லாவி வழியாக முன்னேறிற்று. 58ஆவது படைப்பிரிவு மன்னார்க் கரையோரமாக வடக்கே சென்று, 2008 நவம்பர் 15ஆம் திகதி பூநகரியைக் கைப்பற்றிக் கிழக்கே திரும்பியது. 2009 ஜனவரி 1ஆம் திகதி பரந்தனும் மறுநாட் கிளிநொச்சியும் வீழ்ந்தன. தென்னிலங்கையில் வெடி கொளுத்தி மகிழ்ந்தனர். படையினர் கண்டதோ ஆளரவமற்ற நகரம். மக்கள் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு எனக் கிழக்கே தள்ளப்பட்டு, மே மாதத்தில் முள்ளிவாய்க்காற் கடற்கரையில் ஒடுக்கப்பட்டனர். வளையம் நகரைக் கைவிட்டு மக்களைச் சூழ்ந்துகொண்டது என்பதே உண்மை. 2008 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் பணியாளர் கிளிநொச்சியை விட்டு வெளியேறியபோது, போகவேண்டாமென வாயிலில் நின்று மன்றாடியோர் வரப்போவதை நன்கறிந்திருந்தனர்.

உள்ளே இருந்தோர் எத்தனை பேர்? ஏறக்குறைய 70,000 பேர் என்றது அரசாங்கம். போர் முடிந்தபின் முகாம்களில் அடைக்கப்பட்டோரோ 280,000க்கு மேற்பட்டோர். எண்ணிக்கையைக் குறைத்தால் உணவு குறையும், மருந்து குறையும், பின்னர் இறந்தோர் தொகையும் குறையும். 40,000 பொதுமக்கள் வரை மாண்டிருக்கக்கூடும் என்பதைத் தள்ளிவிட இயலாதென ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் அறிக்கையிட்டது. 1948இல் குடிமக்கள் கணக்கிலிருந்து நீக்கப்பட்டோரின் பேரப்பிள்ளைகள், இப்போது உயிரோடிருப்போர் கணக்கிலிருந்தே நீக்கப்பட்டனர்.

புலிகளின் பங்கையும் மறைத்தல் தகாது. வெளியேற முயன்றோரைத் தடுத்தனர். தப்பியோடியோர் மீது சுட்டனர். பிள்ளைகளைக் கட்டாயமாகப் படைக்குச் சேர்த்தனர். வசதி படைத்தோர் பலர் முன்னரே வன்னியை நீங்கியிருக்க, போக்கிடமற்ற ஏழையே கேடயமாக நிறுத்தப்பட்டான்.

அந்நாளில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசும் மலையக மக்கள் முன்னணியும் அரசாங்கத்தில் அமைச்சுப் பதவிகளை வகித்தன. சிங்களப் பெரும்பான்மையினரின் நடுவே வாழும் தொழிலாளர் வாய் திறந்தால் லயன்கள் மீண்டும் எரியும் என்பது அவற்றின் சமாதானம். அச்சம் பொய்யன்று, 1977உம் 1983உம் கற்பித்த அச்சம் அது. ஆனால் பேசாதிருத்தல் வேறு. தம்மவர் எவரும் அங்கில்லை என்பதுபோல் வாக்களித்தல் வேறு. அவசரகாலச் சட்டத்துக்கு மாதந்தோறும் கை உயர்த்தியது எந்த அச்சத்தினால்?

போருக்குப் பின்னரும் நிலைமை மாறிவிடவில்லை. இந்திய உதவியிலான 50,000 வீடுகள் திட்டம் வடக்கை எட்டியபோது, காணிப் பத்திரமற்றோர் பலர் அதில் இடம்பெற இயலாது போயினர். அவர்களுள் மலையக வம்சாவளியினர் இருந்தனர். அவர்களை வன்னி மக்கள் என்று சொல்லி மலையகமும், மலையகத்தார் என்று சொல்லி வடக்கும் கைகழுவின.

1973இன் பின்னர் எந்தத் தோட்டத்தின் எந்த லயனிலிருந்து எந்தக் குடும்பம் வடக்கே சென்றது, அவர்களுள் இன்று எஞ்சியோர் யாவர் என்னும் பட்டியலைத் தோட்டந்தோறும் தயாரித்தல் இயலும். ஒவ்வொரு தோட்டத்திலும் தலைவர்மாரை வைத்து, மாதச் சந்தாவைச் சதம் பிசகாது கணக்கிட்டு வரும் சங்கங்கள், இக்கணக்கை ஏன் இன்னும் எடுக்கவில்லை என்பதற்கு விடை கூறட்டும்.