அலையும் மனங்களும் ஓய்வில்லாக் கைகளும்

இலங்கையில் குளிர்காலம் கிடையாது என்பார்கள். சப்ரகமுவ மாகாணத்தின் இறப்பர் தோட்டங்களைத் தை மாதக் கடைசியில் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். மரங்கள் பழுத்த இலைகளை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கின்றன. பால் சுரப்பு குறைகிறது. சில வாரங்களில் செப்பு நிறத்தில் புதுத்தளிர் வருகிறது. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் சில நாள்கள் சுற்றிய இந்தப் பயணம் முடியும் வேளையில், படைப்பாற்றலைப் பற்றி நாம் வழக்கமாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு கருத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று தோன்றுகிறது.

அமைதியற்ற மனமே படைப்பின் ஊற்று என்பது அந்தக் கருத்து. பாரதியையும் புதுமைப்பித்தனையும் சான்று காட்டுவோம். இருவரும் ஓரிடத்தில் நிலைகொள்ளாதவர்கள் என்பது உண்மை. ஆனால் அந்தக் கொந்தளிப்பு எழுத்தாக மாறுவதற்குப் பாரதிக்கு ‘இந்தியா’ பத்திரிகை இருந்தது. புதுமைப்பித்தனுக்கு ‘மணிக்கொடி’ இருந்தது. வறுமை இருவருக்கும் பொதுவானது. எழுதியதை வாங்கிக்கொள்ள ஒரு கை நீண்டதும் பொதுவானதே. இந்த இரண்டாவது செய்தியை நாம் அதிகம் பேசுவதில்லை.

கேகாலை மாவட்டத்தின் கித்துல்கல, களனி கங்கைக் கரையில் உள்ள சிற்றூர். டேவிட் லீன் இயக்கி 1957இல் வெளிவந்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ இங்கேதான் படமாக்கப்பட்டது. ஆற்றின் குறுக்கே மெய்யாகவே ஒரு பாலம் கட்டி, அதன்மீது ஒரு ரயிலை ஓடவிட்டு, இரண்டையும் தகர்த்தார்கள். படம் 7 ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. பாலத்தின் அடித்தளச் சிதைவுகளைக் காண இன்றும் பயணிகள் வருகிறார்கள்.

படத்துக்கு மூலமான நாவலை 1952இல் எழுதிய பியர் பூல், அலையும் மனத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. பிரான்சில் பொறியியல் படித்தார். 1936இல் மலாயா சென்று இறப்பர் தோட்டத்தில் பணியாற்றினார். போர்க் காலத்தில் உளவுப் பணியில் இறங்கி, இந்தோசீனாவில் பிடிபட்டு, சிறையிலிருந்து தப்பினார். பிறகு பாரிஸ் திரும்பி எழுத்தாளரானார். அவருக்கு வேலையை விட முடிந்தது. ஊரை விட முடிந்தது. உட்கார்ந்து எழுத முடிந்தது.

மலாயாவின் இறப்பர் தோட்டங்களில் பால் வெட்டியவர்களுள் பெரும் பகுதியினர் தமிழர். ஜப்பானியர் 1942, 1943ஆம் ஆண்டுகளில் 415 கிலோமீட்டர் நீளச் சயாம் – பர்மா ரயில் பாதையைப் போட்டபோது, அந்தத் தோட்டங்களிலிருந்தே தமிழர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோனார்கள். பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் மாண்டார்கள். படமோ நேச நாட்டுப் போர்க்கைதிகளின் கதையை மட்டும் சொல்கிறது. தமிழர் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கில் எடுக்கப்பட்ட படத்தில், அந்தப் பாதையில் மாண்ட தமிழருக்கு இடமில்லை. விடுபட்ட அந்தப் பாதியை எழுத மலேசியத் தமிழர்களே வர வேண்டியிருந்தது: ‘சயாம் மரண ரயில்’ எழுதிய ஆர். சண்முகம், ‘நினைவுச்சின்னம்’ எழுதிய அ. ரெங்கசாமி.

கதை சொல்லும் மனம் தோட்டத்தில் இல்லாமல் போய்விடவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இலங்கை மலையகத்திலும் அப்படியே. விடியுமுன் தொழிலாளரைப் பெரட்டுக்கு அழைக்க அடித்தது தப்பு. சாவு வீட்டில் அடித்ததும் அதே தப்புதான். மாசி மாதம் வந்தால் அந்தத் தோற்கருவியே காமன் கூத்துக்கு முழங்கியது. மன்மதன் எரிவதையும் ரதி புலம்புவதையும் லயத்து மக்கள் இரவெல்லாம் பாடி ஆடினார்கள். பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய கூத்துகளும் உண்டு. பகலில் மனிதரை வரிசையில் நிறுத்திய கருவியை இரவில் தம் வசமாக்கிக்கொண்டவர்களைப் படைப்பாளிகள் என்று அழைக்காமல் வேறென்ன சொல்வது?

ஆனால் அவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது. மடகொம்பரையில் பிறந்து, 1947இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வான சி. வி. வேலுப்பிள்ளை, மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். பாடல்கள் தப்பின. கட்டியவர்களின் பெயர்கள் தப்பவில்லை. ‘ஒரு கூடைக் கொழுந்து’ எழுதிய என். எஸ். எம். இராமையாவும், தாம் ஆசிரியராக இருந்த தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டு 2022இல் மறைந்த தெளிவத்தை ஜோசப்பும் நமக்குக் கிடைத்ததற்குக் காரணம், எழுதியதை அச்சேற்ற இதழ்கள் இருந்தமைதான். ஜோசப் தாம் எழுதியதோடு நிற்காமல் மற்றவர்களின் சிறுகதைகளையும் 1997இல் தொகுத்து நூலாக்கினார்.

சப்ரகமுவத் தமிழரின் நிலை நுவரெலியாவினும் கடினமானது. இங்கே தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு இடையே சிதறிக் கிடக்கின்றன. 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்முறைகள் இரத்தினபுரித் தோட்டங்களைக் கடுமையாகத் தாக்கின. பல குடும்பங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வன்னிக்குப் போயின. பியர் பூல் ஊர் ஊராக அலைந்ததும் இவர்கள் இடம்பெயர்ந்ததும் ஒன்றல்ல. அவர் தேடிச் சென்றார், இவர்கள் விரட்டப்பட்டார்கள். இன்றும் இம்மாகாணத்தில் உயர்தர வகுப்பில் விஞ்ஞானத்தையும் கணிதத்தையும் தமிழில் கற்பிக்கும் பாடசாலைகள் மிகக் குறைவு. சிங்களவழிப் பாடசாலைக்குச் செல்லும் பிள்ளைகள் பலர். இன்னொரு மொழி கற்பது நன்றே. அதற்காகத் தாய் பாடிய பாடலைத் தாமே எழுதத் தெரியாத தலைமுறை ஒன்று உருவாகிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

துன்பம்தானே கலையைத் தருகிறது, வசதி வந்தால் கூத்து அழிந்துவிடாதா என்று சில நண்பர்கள் கேட்பதுண்டு. இந்த வாதம் எனக்கு உடன்பாடில்லை. விடியுமுன் எழுந்து, வெயில் ஏறுமுன் மரம் மரமாகப் பால் வெட்டி, பிறகு சிரட்டை சிரட்டையாகச் சேகரித்து, மழை பெய்தால் அந்த நாளின் வருமானத்தையும் இழக்கும் ஒருவர், மாலையில் ஒரு பாட்டுக் கட்டினால், அது களைப்பையும் மீறி நிகழ்ந்தது. களைப்பு அதற்குத் தாயன்று. அவ்வாறு கட்டப்படாமலே போன பாட்டுகள் எத்தனை என்ற கணக்கை எவரும் எடுக்க முடியாது. 200 ஆண்டு வரலாற்றை 2023இல் நினைவுகூர்ந்தபோது நாம் உழைப்பைப் போற்றினோம். உழைப்பு விழுங்கிய கற்பனையைப் பற்றியும் பேசியிருக்கலாம்.

லயத்துப் பிள்ளைக்கு இரவில் வெளிச்சம், ஒரு மேசை, தமிழ் தெரிந்த ஆசிரியர், எழுதியதை வெளியிட ஓர் இதழ் ஆகியவை வேண்டும். முதல் மூன்றும் அரசின் பொறுப்பு. அதை விடாமல் கேட்க வேண்டும். நான்காவதற்கு உலகெங்கும் உள்ள தமிழ் வாசகர்களாலேயே வழி செய்ய முடியும். ஒரு தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளின் எழுத்தை ஆண்டுக்கொரு முறை சிறு மலராக அச்சிடப் பெரும் பணம் தேவையில்லை.

மாசி பிறக்கப்போகிறது. காமன் கூத்து நடக்கும் தோட்டங்களுக்குச் செல்லும் நண்பர்கள் படம் பிடிப்பார்கள், ஒலிப்பதிவு செய்வார்கள். பாடுகிறவரின் பெயரையும், அவருக்கு அந்தப் பாட்டைக் கற்றுத் தந்தவரின் பெயரையும் அவர்களின் சம்மதத்தோடு கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.