நுழைவுச்சீட்டும் ஒலிவாங்கியும்: ரசிகர் விழாக்களில் நமது இடம்

2023 ஜூன் 1 அன்று சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில் 'மாமன்னன்' திரைப்படத்தின் இசை வெளியீட்டு விழா நடைபெற்றது. கமல்ஹாசன் சிறப்பு விருந்தினராக வந்திருந்தார். அந்த மேடையில் பேசிய இயக்குநர் மாரி செல்வராஜ், தம் படம் உருவானதற்குக் கமல்ஹாசன் எழுதி நடித்த 'தேவர் மகன்' (1992) முக்கியக் காரணம் என்றார். அந்தப் படம் தமக்குள் ஏற்படுத்திய வலியையும் அதிர்வையும் எடுத்துரைத்தார். அந்தக் கதையுலகில் தம் தந்தை இருந்தால் எப்படி இருக்கும் என்ற எண்ணத்திலிருந்து 'மாமன்னன்' பிறந்ததாகவும், 'தேவர் மகன்' படத்தில் வடிவேலு ஏற்ற இசக்கி என்னும் பாத்திரமே இங்கே மாமன்னனாக நிற்பதாகவும் கூறினார்.

ஒரு படைப்பாளி இன்னொரு படைப்பாளியின் முன் நின்று, அவருடைய படம் தம்மை என்ன செய்தது என்று சொன்னார். நிகழ்ந்தது இவ்வளவே. ஆனால் அடுத்தடுத்த நாட்களில் சமூக ஊடகங்களில் கிளம்பிய எதிர்ப்பு, அவர் சொன்னதன் பொருளைப் பெரும்பாலும் தொடவே இல்லை. அழைத்து வந்த விருந்தினரை அவமதித்துவிட்டார் என்றது ஒரு தரப்பு. சாதியைச் சுட்டி இழிசொற்களைக் கொட்டியது இன்னொரு தரப்பு. இசக்கியின் கை ஏன் வெட்டப்படுகிறது, கை இழந்த பிறகும் அவன் ஏன் விசுவாசியாகவே இருக்கிறான் என்ற கேள்வியை எடுத்துப் பேசியவர்கள் சிலரே.

பழனி மலையில் வடகவுஞ்சி போன்ற ஊர்களுக்கு இத்தகைய விழாக்கள் கைப்பேசித் திரை வழியாகவே வந்து சேர்கின்றன. நட்சத்திரங்கள் மலைக்கு வருவது படப்பிடிப்புக்கு மட்டும்தான். எனினும் அரங்கில் எழும் கைதட்டலும், அதைத் தொடர்ந்து வரும் வசையும் இங்குள்ள இளைஞர்களின் உரையாடலுக்குள் அன்றே நுழைந்துவிடுகின்றன. ஆகவே இதைச் சென்னையின் சினிமாச் செய்தி என்று ஒதுக்கிவிட நம்மால் முடியாது. ரசிகர் விழா என்னும் பொதுவெளிக்குள் நுழையும் உரிமை யாருக்கு உண்டு, நுழைந்தபின் பேசும் உரிமை யாருக்கு உண்டு என்ற இரு கேள்விகளையும் அரசமைப்புச் சட்டத்தின் வெளிச்சத்தில் பார்க்க வேண்டியுள்ளது.

பாராட்டுவதற்கென்றே கட்டப்பட்ட மேடை

தமிழ்நாட்டில் ரசிகர் கூட்டம் வெறும் பொழுதுபோக்காக ஒருபோதும் இருந்ததில்லை. 1972-இல் அ.தி.மு.க. தொடங்கப்பட்டபோது எம்.ஜி.ஆர். மன்றங்களே அதன் அடித்தளமாயின. உழைக்கும் ஏழை மக்களின் அன்பைப் பெற்ற ஒரு திரைப் பிம்பம், அம்மக்களின் நலனுக்கு ஒவ்வாத ஆட்சிக்கும் எவ்வாறு ஆதரவைத் திரட்டித் தந்தது என்பதை ஆய்வாளர் எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992-இலேயே விரிவாக ஆராய்ந்தார். 2017-இல் ரஜினிகாந்த் ராகவேந்திரா திருமண மண்டபத்தில் ரசிகர்களை அணி அணியாக வரவழைத்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டார். அந்தச் சந்திப்புகளே அவ்வாண்டு டிசம்பர் 31 அன்று அரசியல் அறிவிப்பில் முடிந்தன. 2024 அக்டோபர் 27 அன்று விக்கிரவாண்டியில் விஜய் நடத்திய முதல் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரின் உருவம் கொள்கைத் தலைவர்கள் வரிசையில் உயர்ந்து நின்றது. 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் அவரைக் காணத் திரண்ட கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்தனர்.

இவை அனைத்துக்கும் பொதுவான ஓர் அமைப்பு உண்டு. மேடையிலிருப்பவர் பேசுவார், கீழிருப்பவர் ஆரவாரிப்பார். சுவரொட்டி ஒட்டுவதும், கொடி கட்டுவதும், கட்-அவுட்டுக்குப் பால் ஊற்ற ஏணியில் ஏறுவதும் ரசிகரின் வேலை. அந்த வேலையைச் செய்வோரில் சேரிகளிலிருந்தும் குடிசைப் பகுதிகளிலிருந்தும் வரும் நம் இளைஞர்கள் உண்டு. பத்தாண்டுகள் சுவரொட்டி ஒட்டிய ஒருவர், 'உங்கள் படத்தில் எங்கள் தெரு ஏன் இப்படிக் காட்டப்படுகிறது?' என்று தம் நாயகனிடம் கேட்க அந்த அமைப்பில் இடமே வைக்கப்படவில்லை. 2023 ஜூன் 1 அன்று அந்த இடம் சற்று நேரம் திறந்தது. அதுவும் கேட்டவர் இயக்குநராக, மேடைக்கு உரியவராக இருந்ததால்தான்.

படத்தின் பொருளை யார் முடிவு செய்கிறார்கள்?

'தேவர் மகன்' படத்தின் நாயகன் இறுதியில் வன்முறையைக் கைவிடுமாறு தன் ஊரை வேண்டுகிறான் என்பது உண்மை. அந்த அடிப்படையில் படத்தைப் பாதுகாத்துப் பேசுவோரின் வாதத்தையும் நாம் மதிக்கிறோம். ஆயினும் படம் வெளியான பிறகு ஊர்களில் நிலைத்தது அந்த வேண்டுகோளன்று. படத்தின் தலைப்பும் பாடலும் மீசையும் சாதிப் பெருமிதத்தின் அடையாளங்களாகத் திருவிழாக்களிலும் ஊர்வலங்களிலும் மீண்டும் மீண்டும் ஒலித்தன. எழுதியவரின் நோக்கம் ஒன்றாக இருக்க, பார்த்தவர்கள் எடுத்துக்கொண்டது வேறொன்றாயிற்று.

இதே விபத்து 'மாமன்னன்' படத்துக்கும் நேர்ந்தது. 2023 ஜூலை இறுதியில் அது நெட்ஃப்ளிக்ஸ் தளத்தில் வெளியானதும், ஃபகத் ஃபாசில் ஏற்ற ரத்னவேலு என்னும் சாதி ஆதிக்கப் பாத்திரத்தின் காட்சிகளை வெட்டி, சாதிப் பெருமைப் பாடல்களோடு இணைத்துப் பலர் பகிர்ந்தனர். தன் நாயைத் தானே அடித்துக் கொல்லும் ஒரு கொடியவன் சில நாட்களில் கொண்டாடப்படும் தலைவனானான். சாதிக்கு எதிராக எடுக்கப்பட்ட படத்தையும் சாதியால் விழுங்கிவிட முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இங்கேதான் கருத்துச் சொல்வதன் தேவை எழுகிறது. படம் திரையரங்கை விட்டு வெளியேறியபின் அதன் பொருள் பார்வையாளரிடையே தீர்மானிக்கப்படுகிறது. அந்தப் பேச்சில் நாம் பங்கேற்காவிட்டால், நம்மைப் பற்றிய படங்களுக்கும் பிறரே பொருள் எழுதுவார்கள்.

புண்படுவோரின் உரிமையும் பேசுவோரின் உரிமையும்

'மனம் புண்பட்டது' என்ற சொல் இன்று வழக்காக மாறிவிடுகிறது. 'ஜெய் பீம்' (2021) படத்தை எடுத்துக்கொள்வோம். 1993-இல் நிகழ்ந்த காவல் மரணத்தையும், வழக்கறிஞராக இருந்த கே. சந்துரு நடத்திய சட்டப் போராட்டத்தையும் தழுவிய படம் அது. காவலரின் வீட்டில் தொங்கிய நாட்காட்டிப் படம் ஒன்றை முன்வைத்து எதிர்ப்பு எழுந்தது, அக்காட்சி மாற்றப்பட்டது. அதன் பிறகும் நீதிமன்றத்தை அணுகி, நடிகர் சூர்யா மீதும் இயக்குநர் மீதும் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யவைத்தனர். 2022 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

இவ்வகை வழக்குகளுக்கு அடிப்படையான தீர்ப்பு ஒரு தமிழ்ப் படத்திலிருந்தே வந்தது என்பதை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற படம் சாதி அடிப்படையிலான இடஒதுக்கீட்டை எதிர்த்தது. அதன் தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. எஸ். ரங்கராஜன் எதிர் பி. ஜகஜீவன் ராம் வழக்கில் 1989 மார்ச் 30 அன்று உச்சநீதிமன்றம் அச்சான்றிதழை மீட்டளித்தது. போராட்டம் வரும், வன்முறை வரும் என்ற மிரட்டலைக் காட்டிக் கருத்துரிமையை முடக்க முடியாது. அந்த உரிமையைப் பாதுகாப்பது அரசின் கடமை. சட்டம் ஒழுங்கைச் சமாளிக்க இயலவில்லை என்பது ஒரு விடையாகாது என்று நீதிமன்றம் கூறியது.

அந்தப் படத்தின் கருத்தோடு நமக்கு எள்ளளவும் உடன்பாடில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு நமக்கு வேண்டும். இடஒதுக்கீட்டை எதிர்க்கும் படத்துக்கு அரசு பாதுகாப்புத் தர வேண்டுமெனில், மலக்குழி மரணங்களைக் காட்டும் படத்துக்கும் தந்தாக வேண்டும். நடைமுறையில் நாம் கண்டது வேறு. 2017-இல் கையால் மலம் அள்ளும் தொழிலாளர்களைப் பற்றித் திவ்யபாரதி இயக்கிய 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் திரையிடல்கள் பல இடங்களில் தடுக்கப்பட்டன. நட்சத்திர விழாவுக்குப் பாதுகாப்பு நிற்கும் அதே காவல்துறைதான் அங்கே திரையை இறக்கச் சொன்னது. ரங்கராஜன் தீர்ப்பு இரண்டு அரங்குகளுக்கும் ஒரே அளவில் பொருந்தும்.

விமர்சனத்துக்கு விடையாக விமர்சனம் வரட்டும். அதை நாம் வரவேற்கிறோம். சாதி இழிசொல் விமர்சனமாகாது. பட்டியலினத்தவரையோ பழங்குடியினரையோ பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்) பிரிவின்படி குற்றம். இணையத்தில் ஏற்றப்பட்டு எவரும் காணக்கூடிய காணொளியும் பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்டதே என்று கேரள உயர்நீதிமன்றம் 2022-இல் ஒரு முன்ஜாமீன் மனுவில் கூறியுள்ளது. ஆகவே ஒரு படத்தைப் பற்றி எழுதியதற்காகச் சாதி வசைக்கு ஆளாகும் மாணவர், அப்பதிவைத் தேதி, நேரம், இணைப்பு ஆகியவற்றோடு சேமித்து வைப்பது முதற்கடமை.

வாயிலில் நிறுத்தப்பட்டவர்கள்

பேசும் உரிமைக்கு முன்னதாக நுழையும் உரிமை இருக்கிறது. 'மாமன்னன்' விழாவுக்கு இரண்டு மாதம் முன்பு, 2023 மார்ச் 30 அன்று, 'பத்து தல' படம் பார்க்கச் சென்னை ரோகிணி திரையரங்குக்கு வந்த நரிக்குறவர் குடும்பத்தினர், கையில் நுழைவுச்சீட்டு இருந்தும் வாயிலில் நிறுத்தப்பட்ட காணொளி பரவியது. படம் யு/ஏ சான்றிதழ் பெற்றது, 12 வயதுக்குட்பட்ட குழந்தைகள் உடன் இருந்தனர் என்று திரையரங்கத் தரப்பு விளக்கியது. பின்னர் அவர்கள் உள்ளே அனுமதிக்கப்பட்டனர். ஊழியர்கள் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கு பதிவானது.

குற்றம் நிரூபணமாவது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் அந்த விளக்கத்தின் சட்ட நிலையைச் சொல்வது நம் வேலை. யு/ஏ சான்றிதழ் அன்றைய விதிப்படி குழந்தைகளுக்குத் தடை விதிப்பதன்று. 12 வயதுக்குட்பட்டோர் பார்க்கலாமா என்பதைப் பெற்றோர் முடிவு செய்யட்டும் என்ற எச்சரிக்கை அது. அந்தக் குழந்தைகள் பெரியவர்களுடன்தான் வந்திருந்தனர்.

அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு, கடைகள், உணவகங்களோடு பொது கேளிக்கை இடங்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும், 2015 திருத்தத்துக்குப் பிந்தைய வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அத்தகைய இடங்களில் நுழைவதைத் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளன. கேளிக்கை அற்பமானது என்று கருதியிருந்தால் நம் முன்னோர் அதை அடிப்படை உரிமைக்குள் எழுதியிருக்க மாட்டார்கள். ஊரோடு சேர்ந்து அமர்ந்து சிரிக்கும் இடத்திலும் தீண்டாமை உண்டு என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

பி.கே. ரோசியின் வாழ்வு இதற்கு மிகப் பழைய சான்று. மலையாளத்தின் முதல் திரைப்படமான 'விகதகுமாரன்' படத்தின் நாயகி அவர், தலித் பெண். நாயர் பெண் வேடத்தில் அவர் நடித்ததைப் பொறுக்காதவர்கள் திருவனந்தபுரத்தில் திரையைக் கல்லால் அடித்தனர். தாம் நடித்த படத்தின் முதல் காட்சியை அரங்கில் அமர்ந்து பார்க்க அவருக்கு இடமில்லை. ஊரைவிட்டுத் தப்பித் தமிழ்நாட்டுக்கு வந்து, மறைந்து வாழ்ந்தார். இன்று நீலம் பண்பாட்டு மையம் தலித் வரலாற்று மாதமான ஏப்ரலில் அவர் பெயரில் சென்னையில் திரைப்பட விழா நடத்துகிறது. வெளியே நிறுத்தப்பட்டவரின் பெயரே ஓர் அரங்கின் பெயராகியிருப்பது நம் காலத்தின் சாதனை.

மலையிலிருந்து பார்க்கையில்

திரைப்படத்தின் ஆற்றலை அறியக் கொடைக்கானல் மக்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 'டெவில்ஸ் கிச்சன்' என்று ஆங்கிலேயர் காலத்தில் அழைக்கப்பட்ட பாறைப் பிளவு, 1991-இல் 'குணா' வெளியானபின் குணா குகையாயிற்று. 2024 பிப்ரவரியில் வெளியான 'மஞ்ஞும்மல் பாய்ஸ்', 2006-இல் அங்கே விழுந்த ஓர் இளைஞரையும் அவரை மீட்ட நண்பர்களையும் பற்றியது. படக்குழுவினர் கமல்ஹாசனைச் சந்தித்ததும், குகையைக் காணக் கூட்டம் பெருகியதும் செய்தியாயின. அவற்றைவிட முக்கியமான விளைவு ஒன்றுண்டு. உதவி கேட்டுச் சென்ற நண்பர்களைக் காவலர்கள் அடிப்பதாகப் படம் காட்டியது. அதைப் பார்த்த ஒருவர் கொடுத்த மனுவின் பேரில், 18 ஆண்டுகள் கழித்து, அது குறித்து விசாரிக்கத் தமிழ்நாடு அரசின் உள்துறை உத்தரவிட்டது.

ஒரு படத்தைப் பார்த்துக் கைதட்டியதோடு நில்லாமல், ஒருவர் மனு எழுதினார். ரசிகருக்கும் குடிமகனுக்கும் இடையிலான தொலைவு அவ்வளவே. பழனி மலை திரையில் வரும்போது பனியும் பாறையும் வருகின்றன. பளியர் குடியிருப்புகளும் தோட்டத் தொழிலாளரின் வாழ்வும் அரிதாகவே வருகின்றன. அதைக் கேட்கும் உரிமை வடகவுஞ்சியின் கல்லூரி மாணவிக்கும் உண்டு.

ஆகவே மாணவர்களுக்கும் களச் செயற்பாட்டாளர்களுக்கும் நாம் முன்வைப்பவை எளியவை. கல்லூரி விழாவுக்கு நடிகரையோ இயக்குநரையோ அழைக்கும்போது, பார்வையாளர் கேள்விக்கு அரைமணி நேரம் நிகழ்ச்சி நிரலிலேயே எழுதப்படட்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும் பழங்குடியினர் விடுதிகளிலும் மாதம் ஒரு படம் திரையிடப்பட்டு, அதன் மீது விவாதம் நடக்கட்டும். திரையிடலுக்குக் காவல்துறை அனுமதி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ரங்கராஜன் தீர்ப்பை மனுவில் மேற்கோள் காட்டுங்கள். வாயிலில் எவரேனும் நிறுத்தப்பட்டால் காணொளியோடு புகார் எழுதுங்கள். நமக்குப் பிடித்த நாயகனின் படமே ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்போம். நம் தரப்பு இயக்குநர்களின் படங்களுக்கும் இதே அளவுகோல்தான்.