தங்கையின் மரணமும் அடையாற்றின் 12 படுக்கைகளும்

முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர், தேவதாசி முறையை எதிர்த்தவர் என்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை நமக்குத் தெரியும். முதிய வயதில் அவர் புற்றுநோய்க்கு எதிராக ஏன் இறங்கினார் என்பது பலருக்குத் தெரியாது.

1886ல் புதுக்கோட்டையில் பிறந்தார். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். மகாராஜா கல்லூரியில் சேரப் போனபோது, பெண் என்பதற்காகவும் தாயின் பிறப்பைச் சொல்லியும் எதிர்த்தார்கள். மன்னர் தலையிட்ட பிறகே இடம் கிடைத்தது. 1912ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1923ல் தங்கை புற்றுநோயால் இறந்தார். அக்கா டாக்டராக இருந்தும் காப்பாற்ற வழியில்லை. அந்த வேதனைதான் 1954ல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. இடையில் 31 ஆண்டுகள்!

தங்கையின் சாவு மட்டும் காரணமல்ல என்பது என் எண்ணம். தேவதாசிக் குடும்பத்துப் பெண்பிள்ளைகளுக்கு விடுதிகள் இடம் மறுத்தபோது, தன் வீட்டிலேயே அவர்களைத் தங்கவைத்தார். அவ்வை இல்லம் அப்படித்தான் பிறந்தது. பிறப்பைச் சொல்லி அடைக்கப்படும் கதவு எப்படி வலிக்கும் என்று அறிந்தவர் அவர். அவர் தலித் அல்ல. ஆனாலும் அந்த வலி நமக்குப் புரியாததா?

இன்று நம் காலனிப் பெண்களுக்கு வருவோம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஒரே நாளில் வருவதல்ல. முற்றுவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் கண்டுபிடித்தால் பிழைக்கலாம். பரிசோதனைக்குச் சில நிமிடங்கள் போதும். அரசு மருத்துவமனையில் காசும் இல்லை. பிறகு ஏன் நம் பெண்கள் முற்றிய பிறகே போகிறார்கள்?

ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போகும். வெள்ளைப்படுதலையும் உதிரப்போக்கையும் வெளியே சொல்லக் கூச்சம். போன இடத்தில் 'நீ, வா, போ' என்று ஒருமையில் பேசினால், அடுத்த முறை கால் எடுத்து வைக்க மனம் வராது. இதை 'விழிப்புணர்வு இல்லை' என்று பெண்கள் தலையில் கட்டுவது நியாயமல்ல.

கேட்க வேண்டியவை மூன்று. பரிசோதனை முகாம் காலனிக்குள் நடக்க வேண்டும். அதுவும் வேலை முடிந்த நேரத்தில். பெண் செவிலியர் மரியாதையோடு பேசிப் பரிசோதிக்க வேண்டும். நோய் தெரிந்தால், சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடாமல், பெரிய மருத்துவமனையில் சேரும்வரை ஒருவர் கூடவே இருந்து வழிகாட்ட வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சை உண்டு. அந்த அட்டையை வாங்க உதவுவதும் இதில் சேரும். கிராமசபையில் இதைத் தீர்மானமாகவே வையுங்கள்.

மாணவர்களே, விடுதியிலிருந்து ஊருக்குப் போகும்போது அம்மாவிடம், அத்தையிடம், பெரியம்மாவிடம் கேளுங்கள். மாதவிடாய் நின்ற பிறகும் உதிரம் படுகிறதா? மார்பில் கட்டி தட்டுப்படுகிறதா? பையன்கள் இதைக் கேட்பதில் வெட்கமில்லை. 30 வயது கடந்தவர் என்றால், தொந்தரவு இல்லாவிட்டாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நீங்களே அழைத்துப் போங்கள்.